பாஸ்வேர்டு அண்ணாகிட்ட இருக்கு

உங்க கிளப் மெயில் ஐடியோட பாஸ்வேர்டு இப்ப யார்கிட்ட இருக்கு? படிக்கிறதை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு யோசிங்க. "செகரட்டரிகிட்ட"ன்னு சொல்வீங்க. சரி, அவங்களுக்கு யார் கொடுத்தாங்க? கொடுத்தவங்களுக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கா? அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு? எங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போனா, நாலு பேட்ச் தாண்டி, இப்ப பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு அண்ணாகிட்ட போய் நிக்குது. ரெக்கவரி நம்பர் இன்னும் அவரோடதுதான்.

இதனால என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சிம்போசியம் நேரம். புது லேப்டாப்ல லாகின் பண்றோம். ஓடிபி அண்ணா ஃபோனுக்குப் போகுது. "அண்ணா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்களேன்." "மீட்டிங்ல இருக்கேன்டா, அரை மணி நேரத்துல கூப்பிடறேன்." அரை மணி நேரத்துல அந்த ஓடிபி செத்துப்போயிருக்கும். அவர் நல்ல மனுஷன், ஒரு தடவைகூட சலிச்சுக்கிட்டதில்ல. ஆனா ஒரு அசோசியேஷனோட தபால் பெட்டி ஒருத்தரோட நல்ல குணத்தை நம்பியா ஓடணும்?

இது சிரிக்கிற பக்கம். சிரிக்க முடியாத பக்கம் ஒண்ணு இருக்கு. நிறைய காலேஜ் மாதிரி எங்க காலேஜ்லயும் மாணவர்களே நடத்துற உதவிக் குழு இருக்கு. ஃபீஸ் கட்ட முடியல, ஹாஸ்டல்ல பிரச்சினை, வீட்டுல படிப்பை நிறுத்தச் சொல்றாங்க, இப்படி எது இருந்தாலும் எழுதச் சொல்லி ஒரு மெயில் ஐடியை நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க. அதுக்கும் அதே கதைதான்: ஒரே பாஸ்வேர்டு, வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல கைமாறுது. அதாவது, ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதுக்கிட்டே எழுதின மெயிலை, அந்தப் பொண்ணு ஸ்கூல்ல படிச்சப்பவே இந்தக் காலேஜை விட்டுப் போனவங்ககூட இன்னைக்குத் திறந்து படிக்கலாம். படிச்சது யாருன்னு கண்டுபிடிக்கவும் வழியில்ல. சர்வருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பேர், அந்தக் குழுவோட பேர். "அப்படியெல்லாம் யாரும் செய்ய மாட்டாங்க"ன்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நம்புறேன். ஆனா எழுதின பொண்ணு எங்க ரெண்டு பேரோட நம்பிக்கையையும் கேட்டுட்டு எழுதல.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். குழுவோட மெயில் குழுவுக்குச் சொந்தமா இருக்கணும். உள்ளே போறவங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சொந்த லாகின்லதான் போகணும். கைமாறுற பாஸ்வேர்டுன்னு ஒண்ணு இருக்கவே கூடாது. இதுக்குப் புதுசா ஆப் எதுவும் எழுத வேண்டாம் (ஹேக்கத்தானுக்கு ஐடியா தேடுறவங்க மன்னிக்கணும்). மெயில் சர்வர்லயே ஷேர்டு ஃபோல்டர் என்கிற வசதி நாம பிறக்கறதுக்கு முன்னாடியே வந்தாச்சு.

ஒரு மாற்று யோசனையை முதல்லயே தள்ளி வச்சிடறேன், ஏன்னா யார்கிட்ட இதைப் பேசினாலும் அதைத்தான் சொல்றாங்க. "அலியாஸ் ஒண்ணு போட்டு எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணிடலாமே மச்சி?" பண்ணலாம். 20 பேர் இருக்கிற குழுவுக்கு 5 எம்பி பிரோஷர் ஒண்ணு வந்தா, 20 இன்பாக்ஸ்ல மொத்தம் 100 எம்பி. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், யார் பதில் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஒருத்தர் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 200ன்னு பதில் போடுவார், இன்னொருத்தர் 250ன்னு போடுவார். இல்லன்னா, "வேற யாராவது போட்டிருப்பாங்க"ன்னு 20 பேரும் சும்மா இருப்பாங்க. அப்புறம், நவம்பர்ல குழுவுல சேர்ந்த ஜூனியருக்கு அக்டோபர் மாச மெயில் கிடையாது. பழைய மெயில் எல்லாம் பாஸ் அவுட் ஆனவங்க இன்பாக்ஸோடவே போயிடும். ஒவ்வொரு வருஷமும் அதே ஸ்பான்சர் கம்பெனிக்கு, போன வருஷம் அவங்க என்ன சொன்னாங்கன்னே தெரியாம, "ரெஸ்பெக்டட் சார்"னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கறோமே, அதுக்குக் காரணம் இதுதான்.

ஷேர்டு ஃபோல்டர்ல மெயில் ஒரே ஒரு பிரதியா சர்வர்ல இருக்கும். குழுவுல இருக்கிறவங்க எல்லாரும், அவங்கவங்க மெயில் ஆப்ல, அவங்கவங்க இன்பாக்ஸுக்குக் கீழேயே அந்த ஃபோல்டரைப் பார்ப்பாங்க. யாராவது பதில் போட்டா, போட்டாச்சுங்கிற அந்த வளைஞ்ச அம்புக்குறி எல்லாருக்கும் தெரியும். நட்சத்திரம் போட்டா அதுவும் தெரியும். நாளைக்கு ஒருத்தரைக் குழுவுல சேர்த்தா, மூணு வருஷத்துப் பழைய மெயிலும் அவருக்குத் திறக்கும். வெளியே எடுத்தா அடுத்த லாகின்லயே ஃபோல்டர் காணாமப் போயிடும். அவருக்கு ஃபோன் பண்ணி எதையும் கேட்க வேண்டாம்.

இதெல்லாம் நடக்கறது ஐமேப்ல. 1986ல ஸ்டான்ஃபோர்டுல மார்க் கிறிஸ்பின் உருவாக்கினது. அதோட அடிப்படை யோசனையே மெயில் சர்வர்லயே இருக்கட்டும், உங்க லேப்டாப் ஒரு ஜன்னல் மட்டும்தான் என்கிறது. ஒரு ஜன்னல் வழியா பார்க்க முடியும்னா பத்து ஜன்னல் வழியாவும் பார்க்கலாம். யார் எந்த ஜன்னல்ல எவ்வளவு பார்க்கலாம்னு சொல்ற அனுமதி முறைக்கு ஏசிஎல்னு பேர். 1997ல ஆர்எஃப்சி 2086ஆ வந்தது, 2005ல ஆர்எஃப்சி 4314ஆ திருத்தி எழுதினாங்க. நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ஐமேப்பை ரெண்டு மார்க் கேள்வியா, பாப் 3க்கும் அதுக்கும் வித்தியாசம் கேட்டுட்டு விட்டுடறாங்க. உண்மையான சுவாரஸ்யம் இந்த 4314ல இருக்கு.

அதுல ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு எழுத்து. மொத்தம் பதினொண்ணு. எல்லாத்தையும் ஒப்பிக்கப் போறதில்ல, இது வைவா இல்ல. சிலதை மட்டும் பாருங்க. எல் இருந்தா ஃபோல்டர் இருக்குங்கிறதே கண்ணுக்குத் தெரியும். இல்லன்னா அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. ஆர் இருந்தா படிக்கலாம். பி இருந்தா உள்ளே மெயில் போடலாம், அவ்வளவுதான், படிக்க முடியாது. தபால் பெட்டியோட வாய் மாதிரி. டி இருந்தா ஒரு மெயிலை அழிக்கணும்னு குறி போடலாம், ஆனா இ இருந்தாத்தான் அது நிஜமாவே அழியும். ஏ இருந்தா மத்தவங்களுக்கு அனுமதி கொடுக்கலாம், பிடுங்கலாம்.

குறி போடறதும் அழிக்கறதும் ஏன் தனித்தனி எழுத்துன்னு நினைக்கிறீங்க? 1997 வடிவத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்தது. அதுமட்டும் இல்ல, ஃபோல்டரையே தூக்கற அதிகாரத்தையும் அதே டி எழுத்தோட சேர்த்து வைக்க இடம் இருந்தது. 2005ல உட்கார்ந்து பிரிச்சாங்க. ஒரு குழுவுல குப்பையை ஒதுக்க ஒருத்தர் வேணும், ஆனா ஆதாரத்தை அழிக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. எலெக்‌ஷன் முடிஞ்சு ஆஃபீஸ் பேரர்ஸ் மாறின எந்தக் காலேஜ் கிளப்புக்கும் இந்த ஒரு வித்தியாசம் போதும். என் கருத்து: மாணவர் யாருக்குமே இ வேண்டாம். போன கமிட்டி போட்ட மெயிலை இந்த கமிட்டி அழிக்க முடியாதுன்னா, பில் எங்கே, ஸ்பான்சர் எவ்வளவு கொடுத்தாங்க என்கிற பஞ்சாயத்துல பாதி காணாமப் போயிடும்.

சரி, எப்படிச் செய்யறது? எங்க லேப்ல ஒரு பழைய பிசியில உபுண்டு போட்டு, டவ்காட் வச்சு ஓட்டிப் பார்த்தோம். டவ்காட் ஃபின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிராய்னென் எழுதினது, 2002லேர்ந்து இருக்கு, ஓப்பன் சோர்ஸ். கமாண்டு எல்லாம் இங்கே எழுதல. அதோட டாகுமென்டேஷன் நல்லாவே இருக்கு. ஒரு எச்சரிக்கை மட்டும்: 2.4 வெர்ஷன்ல கான்ஃபிக் எழுதுற முறையே மாறிடுச்சு, 2.3க்கு எழுதின வழிகாட்டியை அப்படியே ஒட்டினா சர்வர் எழுந்திருக்கவே மாட்டேங்கும். உங்க வெர்ஷனைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

கமாண்டைவிட முக்கியம், ஆரம்பத்துலயே எடுக்க வேண்டிய ஒரு முடிவு. ஃபோல்டரைப் பகிர ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒரு ஆள் தன்னோட மெயில்பாக்ஸ்ல இருக்கிற ஃபோல்டரை மத்தவங்களுக்குத் திறந்து விடறது. இன்னொண்ணு, யாரோட மெயில்பாக்ஸுக்குள்ளயும் இல்லாம, சர்வர்ல தனி இடத்துல பொது ஃபோல்டர் வைக்கறது. முதல் வழி சுலபம், அட்மினைக் கேட்க வேண்டாம், நானே என் ஃபோல்டரைத் திறந்து விடலாம். அதனாலதான் எல்லாரும் அதுல விழுவாங்க. ஆனா நான் மே மாசம் பாஸ் அவுட். ஆகஸ்ட்ல என் அக்கவுண்டை மூடுவாங்க. அதுக்குள்ள இருக்கிற ஃபோல்டரும் அதோட போகும். பாஸ்வேர்டு கைமாறின அதே கதையை வேற ரூபத்துல திரும்ப எழுதின மாதிரி ஆயிடும். குழுவுக்குன்னா ரெண்டாவது வழிதான். ஃபோல்டருக்கு ஓனர்னு ஒரு ஆளே கிடையாது, அதுதான் அதோட அழகு.

பொது இடத்தை உருவாக்கினதும் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆள் அல்லது ஒரு குழு, பக்கத்துல எழுத்துகள். ஆள் பேரை அதுல எழுதாதீங்க. குழுப் பேரை எழுதுங்க. யார் எந்தக் குழுவுல இருக்காங்கங்கிறது யூசர் டேட்டாபேஸ்ல தனியா இருக்கும்; ஹேண்டோவர் அன்னைக்கு அதை மட்டும் மாத்தினா போதும், பத்து ஃபோல்டர்லயும் ஒரே நேரத்துல மாறிடும். இங்கே லினக்ஸ் தெரிஞ்சவங்களுக்குத்தான் சிக்கல் வரும். லினக்ஸ் குரூப்ல சேர்த்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைப்பாங்க. டவ்காட் ஏசிஎல் அந்த குரூப்பை மதிக்கவே மதிக்காது. அதுக்குன்னு தனியா ஒரு ஃபீல்டு கேட்கும். அப்புறம், புது உள்ஃபோல்டர் உருவாக்கினா மேல இருக்கிற ஃபோல்டரோட அனுமதி அதுக்கும் நகலாகும்; ஆனா பின்னாடி மேல மாத்தினா ஏற்கெனவே இருக்கிற உள்ஃபோல்டர்ல அது மாறாது. "சிம்போசியம் 2024"ல எடுத்துவிட்ட ஆள் "சிம்போசியம் 2024 கணக்கு"ல உட்கார்ந்திருப்பார். இதனாலயும்தான் குழுப் பேர் எழுதச் சொல்றேன்.

இன்னொரு விஷயம் தொழில்நுட்பம் மாதிரி தெரியும், ஆனா இல்ல. நான் ஒரு மெயிலைத் திறந்தா, உங்களுக்கும் அது படிச்சதா காட்டணுமா? டவ்காட்ல சும்மா விட்டா அப்படித்தான் காட்டும். "படிச்சது" குறியை மட்டும் ஆளாளுக்குத் தனியா வைக்கவும் முடியும். எது சரி? பிளேஸ்மென்ட் ரெப் குழுவுல நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கணும்னா, ஒருத்தர் படிச்சாச்சுன்னு தெரியறது நல்லதுன்னு தோணும். ஆனா பஸ்ல நின்னுக்கிட்டே ஃபோன்ல தெரியாம தட்டினதும் "படிச்சது"தான். மீதி மூணு பேர் அதைப் பார்க்கவே மாட்டாங்க. என் ஓட்டு தனித்தனிக் குறிக்குத்தான். வேலை முடிஞ்சதாங்கிறதை பதில் போட்ட அம்புக்குறியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். அது எல்லாருக்கும் பொதுவாவே இருக்கும்.

மெயில் உள்ளே வர்றதுக்கு, அந்த ஐடிக்கு வர்றதை நேரா பொது ஃபோல்டர்ல போடற மாதிரி ஒரு சீவ் ஸ்கிரிப்ட். அதை ஓட்டுற கணக்குக்கு எல், பி மட்டும் போதும். வெளியே போறதுக்குத்தான் கொஞ்சம் வேலை. குழுவோட ஐடியிலேர்ந்து அனுப்ப யாருக்கு உரிமைன்னு போஸ்ட்ஃபிக்ஸ்ல ஒரு பட்டியல் வைக்கலாம், ஒரு முகவரிக்குப் பல லாகின் எழுதலாம். அப்புறம் நீங்க அனுப்பின பதிலோட நகல் உங்க சொந்த சென்ட் ஃபோல்டருக்குப் போயிடும். தண்டர்பேர்டுல அந்த ஐடிக்கு மட்டும் நகலைப் பொது ஃபோல்டர்ல வைக்கச் சொல்ல முடியும். இதைச் செய்யலைன்னா கேள்வி எல்லாம் பொதுவுல, பதில் எல்லாம் தனித்தனியா கிடக்கும். ஃபோல்டரே தெரியலைன்னு யாராவது வந்தா, சண்டை போடறதுக்கு முன்னாடி சப்ஸ்கிரைப் பண்ணாங்களான்னு கேளுங்க. பத்துல எட்டு தடவை அதுதான்.

இப்ப எதிர்ப்பு ஒண்ணு. எங்க ஸ்டாஃப் கோஆர்டினேட்டர்கிட்ட இந்த யோசனையைச் சொன்னப்ப மேடம் உடனே கேட்டது: "அப்ப எனக்கும் எல்லா ஃபோல்டரும் தெரியும்ல?" நல்ல கேள்வி. என் பதில், சிலது தெரியணும், சிலது தெரியக்கூடாது. சிம்போசியம் கணக்கு அவங்களுக்குக் கட்டாயம் தெரியணும், அதுல அவங்க கையெழுத்து இருக்கு. உதவிக் குழுவோட ஃபோல்டர் தெரியக்கூடாது. "என் இன்டர்னல் மார்க்கைப் பத்திப் பேசணும்"னு எழுதப்போற மாணவன், இன்டர்னல் மார்க் போடறவங்க படிப்பாங்கன்னு தெரிஞ்சா எழுதுவானா? ஆபத்தான விஷயம் வந்தா குழு ஸ்டாஃப்கிட்ட கொண்டு போகணும், அது கட்டாயம். ஆனா அது ஒரு ஆள் யோசிச்சு எடுக்கிற முடிவா இருக்கணும், ஃபோல்டர் தானா திறந்திருக்கக் கூடாது. ஏ என்கிற அந்த எழுத்து மட்டும் மாணவர்கிட்ட வேண்டாம். சேர்மன் கையில அனுமதி கொடுக்கிற அதிகாரம் இருந்தா ரூம்மேட்டுக்கும் ஒண்ணு கிடைக்கும். ஸ்டாஃப் கையெழுத்து போட்ட பட்டியல், அதை சர்வர்ல ஏத்தறது அட்மின். மேடம் இதுக்கு முழுசா ஒத்துக்கல. பேசிக்கிட்டிருக்கோம்.

ஒண்ணை மறைக்கக் கூடாது. சர்வர்ல ரூட் வச்சிருக்கிறவங்களை எந்த ஏசிஎல்லும் தடுக்காது. மெயில்டிர் முறையில ஒவ்வொரு மெயிலும் டிஸ்க்ல ஒரு ஃபைல், அவ்வளவுதான். அதனால உதவிக் குழுவோட நோட்டீஸ்ல, மெயில் ஐடிக்குக் கீழேயே, இதைப் படிக்கக்கூடியவங்க எத்தனை பேர், என்ன பொறுப்புல இருக்காங்க, சர்வர் அட்மின் யாருன்னு எழுதணும்னு நினைக்கிறேன். இன்னைக்கு அப்படி ஒரு வரியை எழுதப் போனா நம்மால முடியாது. நமக்கே தெரியாது. ஏசிஎல் இருந்தா அந்த டெக்ஸ்ட் ஃபைலைப் பார்த்து எழுதிடலாம்.

"எங்க காலேஜ்ல கூகுள்தான், சொந்த சர்வர் இல்ல"ன்னு சொல்றவங்களுக்கும் இது பொருந்தும். கூகுள் குரூப்ஸ்ல கொலாபரேட்டிவ் இன்பாக்ஸ்னு ஒரு வசதி இருக்கு. வந்த மெயிலை ஒருத்தருக்கு ஒதுக்கலாம், முடிஞ்சதுன்னு குறி போடலாம், எல்லாரும் சொந்த லாகின்லயே வருவாங்க. மைக்ரோசாஃப்ட் 365 இருக்கிற காலேஜ்னா ஷேர்டு மெயில்பாக்ஸ், 50 ஜிபி வரைக்கும் தனி லைசென்ஸ்கூட வேண்டாம். 11 எழுத்து அளவுக்கு நுணுக்கமா பிரிக்க முடியாது, ஆனா பாஸ்வேர்டு கைமாறாது. ஐடி டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு ரெக்வெஸ்ட் எழுதினா ஆகிற வேலை. எழுதத்தான் ஆள் இல்ல.

ஹேண்டோவர் ஏப்ரல்ல. அதுக்குள்ள எங்க லேப் சர்வர்ல மூணு கிளப்புக்குப் போட்டுத் தரலாம்னு இருக்கோம். நிஜ ஐடியை இன்னும் தொடல, சோதனை ஐடிதான். வேணும்னா சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல லேப்புக்கு வாங்க. உறுப்பினர் பேர், எந்த வருஷம், என்ன பொறுப்புன்னு ஒரு பட்டியல் எழுதி, ஸ்டாஃப் கையெழுத்தோட எடுத்துட்டு வாங்க. யார் படிக்கலாம், யார் பதில் போடலாம்னு உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு வந்தா நல்லது. சர்வர் வேலை ஒரு மணி நேரம்கூட ஆகாது, அந்தப் பேச்சுக்குத்தான் ஒரு வாரம் ஆகும்.